கழுவிய கேரட்

காலையில் முதல் லாரி வருவதற்குள் தொட்டி நிறைந்திருக்க வேண்டும். ஓடையில் போட்டிருக்கும் மோட்டார் இறைக்கும் தண்ணீர், ரப்பர் குழாயில் இருமி இருமி வந்து விழும். பனிமூட்டத்தில் குழாயின் வாய் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். சிமென்ட் தொட்டி, இடுப்பளவு உயரம், ஒரு சின்ன அறையின் அகலம். குறுக்கே ஓர் இரும்புக் கம்பி. லாரி பின்பக்கமாக வந்து நின்று கேரட்டைக் கொட்டியதும், நான்கு பெண்கள் துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்குவார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்க, கேரட் ஒன்றோடொன்று உரசி மண் கழன்றுவிடும். கையால் தேய்த்துக் கழுவினால் ஒரு லாரிக்கு ஒரு வாரம் ஆகும். காலால் என்றால் ஒன்றரை மணி நேரம். முதல் பத்து நிமிடம் குளிர் எலும்பில் ஏறும். அதற்குப் பிறகு, மிதிப்பது தன் காலா பக்கத்தில் நிற்பவளின் காலா என்றே தெரியாது.

கழுவி வாரிப் போட்ட குவியல், பனிக்குள்ளே, யாரோ தரையில் மூட்டிவிட்டுப் போன நெருப்பு போலத் தெரியும். கையைக் கொண்டுபோனால் சில்லென்று இருக்கும்.

நால்வரில் ஓரத்தில் நிற்பவளுக்கு அங்கே 'சோப்பு' என்று பெயர். வேலை முடிந்ததும் மற்றவர்கள் காலை உதறிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவள் மட்டும் குழாயடியில் உட்கார்ந்து நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் செருப்பில் கால் வைப்பாள். வீட்டில் இரண்டே அறை. அதில் ஒரு தூசி இருக்காது. பாத்திரங்கள் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். அவள் புருஷனுக்கும் அதே இடத்தில்தான் வேலை. கழுவிய கேரட்டைக் கோணியில் நிரப்பி, வாயைச் சணலால் தைப்பவன். வீட்டுக்குள் வருவதற்கு முன் வாசலில் நின்று சட்டையைக் கழற்றி உதறச் சொல்வாள். "நான் என்ன மூட்டையா, உதறி அடுக்குறதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவனும் உதறுவான்.

அவர்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. இளையவள் பொடிசு, ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் நேராகத் தொட்டிக்குத்தான் வருவார்கள். உடைந்த கேரட்டை விற்க முடியாது என்பதால் தனியாக ஒரு கூடையில் போட்டு வைத்திருப்பார்கள். மூத்தவள் பையைக்கூடக் கழற்றாமல் கூடைக்குப் பக்கத்தில் குந்திவிடுவாள். முன்பல் இரண்டால் நறுக் நறுக்கென்று அவள் கடிக்கிற வேகத்தைப் பார்த்துத்தான் பெண்கள் அவளை 'முயல்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"அடியே முயலு, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைடி. லாரிக்காரரு வந்து சரக்கு எங்கேன்னு கேப்பாரு" என்பாள் பெரியக்கா. நால்வரில் மூத்தவள் அவள். தொட்டியின் நடுவில் நின்று, யார் மெதுவாக மிதிக்கிறார்கள் என்று சொல்கிற வேலையும் அவளுடையது.

"ஒடைஞ்சதைத்தான் தின்றேன்."

"நீ தின்றதுக்காகவே உங்கம்மா ஒடைக்கிறா. எனக்குத் தெரியாதா?"

"தின்னட்டும்க்கா. கண்ணுக்கு நல்லது. பாக்கெட்ல போட்டு விக்கிற கண்ட கண்ட குப்பையைத் தின்றதுக்கு இது எவ்வளவோ மேல். ஊருக்கே கழுவிப் போடறேன், எம்புள்ளைங்களுக்குக் கெடைக்காதா?" என்பாள் சோப்பு.

பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டே மிதிக்கும்போது மட்டும் அவளுக்குக் கால் வலி தெரியாது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நர்ஸ் வந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் இரண்டாவது பாடவேளையில் முயல் கழிவறைக்குப் போனவள் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். பின்னாலேயே வேறு பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பென்சில் நீளத்துக்கு, வெள்ளையாக, நெளிந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அவள் தொட்டிக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரோரமாக ஒளிந்து ஒளிந்து வீட்டுக்குப் போய்விட்டாள். பொடிசுதான் வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அம்மா, அக்காவைப் புழு வீட்டுக்காரின்னு கூப்பிடறாங்க. பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க."

தொட்டிக்குள் நான்கு ஜோடிக் கால்களும் நின்றுவிட்டன.

"அட, சோப்பு வீட்லயா?" என்றாள் ஒருத்தி. சிரிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் சோப்பு எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டாள். பாய், தலையணை, அரிசி டப்பா, குடிதண்ணீர்ப் பானை. பானையைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தாள். முயலின் நகங்களை ஒட்ட வெட்டினாள். ரத்தம் வந்துவிட்டது. புருஷன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"எங்கேயும் ஒண்ணுமில்லைங்க. எங்கேருந்து வரும்? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தா?"

"மாத்திரை போட்டதுனால வெளிய வந்திருக்கும்னு லாரி டிரைவர் சொல்றான்."

"போடறதுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சா? இத்தனை வருஷத்துல ஒண்ணு பாத்திருக்கமா? அந்த மாத்திரை உள்ள போயித்தான் புழுவா ஆயிருக்கு. என்ன எழவை அரைச்சுக் குடுக்குறாங்களோ." பிறகு இரண்டு பெண்களையும் முன்னால் நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "இனிமே யாராச்சும் அந்த மாத்திரையைக் குடுத்தா வாயைத் தொறக்கக் கூடாது. தெரிஞ்சுதா? அது வயித்துல புழு வர வைக்கிற மாத்திரை."

இருவரும் தலையாட்டினார்கள். பொடிசு வாயை இறுக மூடிக் காட்டினாள். அவ்வளவு அழகாக மூடியிருந்ததால் அவளைத் தூக்கிக் கொஞ்சத்தான் தோன்றியது.

ஆறு மாதம் கழித்து, அறுவடை உச்சத்தில் இருந்தபோது அடுத்த மாத்திரை நாள் வந்தது. ஒரு நாளைக்கு மூன்று லாரி, சில நாள் நான்கு. காய்ச்சல் என்று சொல்லி அன்றைக்கு இருவரையும் வீட்டிலேயே இருக்க வைத்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் டீச்சரே தொட்டிக்கு வந்துவிட்டாள். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டு, ஒரு காலை உயர்த்திக்கொண்டு நின்றாள். சோப்பு கம்பியை விடாமல், மிதிப்பதையும் நிறுத்தாமல் பேசினாள்.

"காய்ச்சல்னு சொன்னீங்களாமே. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லயா?"

"வந்துச்சு, போயிடுச்சு டீச்சர்."

"நான் சண்டை போட வரலைங்க. பெரியவ க்ளாஸ்ல தூங்குறா. எழுந்து நின்னா மேசையைப் பிடிச்சுக்கிறா. கையும் காலும் குச்சி மாதிரி இருக்கு, வயிறு மட்டும் முன்னால நிக்குது. நீங்க கவனிச்சீங்களா?"

"வளர்ற புள்ள, அப்படித்தான் இருக்கும். தின்றதுக்குக் கொறையில்லாமத்தான் குடுக்கறேன்."

"குடுக்கிறீங்க. அவளுக்குப் போய்ச் சேரலை. உள்ள இருக்கிறது தின்னுடுது."

சோப்பின் முகம் சிவந்துவிட்டது. மற்ற மூவரும் தண்ணீரைப் பார்த்தபடி மிதித்தார்கள்.

"டீச்சர், எங்க வீட்டுக்கு ஒரு நடை வந்து பாருங்க. தரையில சோத்தைப் போட்டுச் சாப்பிடலாம். அதுக்கப்புறம் சொல்லுங்க எம்புள்ளைக்குப் புழு இருக்குன்னு."

"உங்களைச் சுத்தமில்லைன்னு யாருங்க சொன்னது? எல்லாப் புள்ளைங்களுக்கும்தான் குடுக்கறோம். எம்புள்ளைக்கும் குடுத்தேன்." டீச்சர் குரலைத் தணித்தாள். "விட்டுப்போனவங்களுக்குக் குடுக்க அடுத்த மாசம் நர்ஸ் மறுபடி வருவாங்க. லிஸ்ட்ல ரெண்டு பேர் பேரையும் எழுதியிருக்கேன். அன்னைக்கு அனுப்பிவைங்க."

"பாக்கலாம்."

டீச்சர் செருப்பைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். அவள் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்த பெரியக்கா சொன்னாள்: "அனுப்பேன்டி. ஒரு மாத்திரைதானே. எங்க வீட்டுதுங்கள்லாம் போட்டுச்சுங்க."

"உங்க வீட்டுதுங்களைப் புழு வீடுன்னு யாரும் கூப்பிடலையேக்கா."

பெரியக்கா கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டு மிதித்தாள்.

ஐந்தாறு நாள் கழித்து முயலுக்கு வயிற்றுவலி வந்தது. முதலில் தொப்புளைச் சுற்றி, பிறகு வயிறு முழுக்க. சோப்பு எண்ணெய் தடவிவிட்டாள், வெந்நீர் கொடுத்தாள், தன் பழைய சேலைத் துணியைச் சூடாக்கி ஒத்தடம் வைத்தாள். விட்டுவிட்டு வலித்தது. வலி இல்லாத நேரத்தில் முயல் எழுந்து உட்கார்ந்து, பொடிசோடு பச்சை நிறக் கிளிப் ஒன்றுக்காகச் சண்டை போட்டாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் சோப்பு இரண்டு நாளும் வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் காலையில் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. வெளிக்கே போகவில்லை. புருஷன் முதலில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். அவனுக்கு மூட்டையைத் தொட்டாலே எவ்வளவு அடைத்திருக்கிறது என்று தெரியும்.

"இந்தா, இது சரியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

அப்போதுதான் முயல் பச்சையாக வாந்தி எடுத்தாள். வாந்தியில் அது இருந்தது. முயல் அதைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, நான் மாத்திரை போடலைம்மா. சத்தியமா போடலை."

தொட்டியில் கேரட்டை இறக்கிவிட்டு நின்றிருந்த லாரியிலேயே கிளம்பினார்கள். டிரைவர் பாதையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்துகிற மாதிரி இறக்கி ஏற்றினான். முயல் அப்பாவின் மடியில் சுருண்டு கிடந்தாள். அவளுக்கு லாரியின் முன்பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கண்ணாடி வழியாக வெளியே பார்க்கச் சொன்னபோது கண்ணைத் திறந்து, மரம் மரமாகப் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். டாக்டர் இளைஞர், கண்ணில் தூக்கம் இருந்தது. சோப்பையும் புருஷனையும் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தானும் எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்து பேசினால் நல்ல சேதி இல்லை என்று சோப்புக்குத் தோன்றியது.

"குடல்ல புழுவெல்லாம் கயிறு மாதிரிப் பின்னி அடைச்சிருக்கு. அடைச்ச எடத்துல குடலே முறுக்கிக்கிச்சு. ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். உடனே."

"பண்ணுங்க சார்" என்றான் புருஷன். கையில் இல்லாத கோணி ஊசியைப் பிடித்திருப்பதுபோல அவன் விரல்கள் குவிந்திருந்தன.

காகிதத்தில் அவன் கையெழுத்துப் போடும்போது டாக்டர் சோப்பிடம் கேட்டார்: "பாப்பா என்னம்மா சாப்பிடுவா?"

"சோறுதாங்க. எப்பவாச்சும் முட்டை. அப்புறம் கேரட்டு நெறையத் தின்பா."

"பச்சையாவா?"

"ஆமாங்க. ஆனா கழுவினதுதாங்க. நான்தான் கழுவறேன். அதுதாங்க எனக்கு வேலையே."

"வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல தண்ணில மறுபடியும் கழுவுவீங்களா?"

அவளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "கழுவினதை எதுக்குங்க மறுபடி கழுவணும்?"

"வயல்ல வேலை செய்றவங்க ஒதுங்கறதுக்கு எங்கே போவாங்க?"

"கக்கூஸ் ஏதுங்க அங்கே? வரப்போரமாத்தான்."

"சரி. அந்த மண்ணுலேருந்துதான் கேரட் வருது. அதை எந்தத் தண்ணில கழுவறீங்க?"

"தொட்டித் தண்ணிலங்க."

"தண்ணியை எத்தனை தடவை மாத்துவாங்க?"

"காலையில ரொப்பறதுதாங்க. அதுவே மூணு லாரிக்கும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அவள் உதடுகள் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தன. ஏதோ எண்ணுகிறவள் போல இருந்தாள். பிறகு, டாக்டரிடம் இல்லை, புருஷனிடம் சொன்னாள்.

"ஏங்க, புள்ளைங்க நாலு மணிக்குத்தானே வருவாங்க. அது மூணாவது லாரித் தண்ணிங்க."

டாக்டர் எழுந்துகொண்டார். அவள் தோளைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமல், "வீட்ல வேற கொழந்தைங்க இருந்தா மாத்திரை வாங்கிட்டுப் போங்க. உடனே குடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷனில் முழங்கை நீளத்துக்குக் குடலை வெட்டி எடுத்தார்கள். அது கறுத்துப்போயிருந்தது என்றார்கள். அடுத்த நாள் முயல் கண் விழித்தாள். காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. உதட்டை நனைக்க மட்டும் ஈரப்பஞ்சு கொடுத்தார்கள். சோப்பு பஞ்சைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவினாள். தொட்ட பிறகும் கழுவினாள். அந்தக் கூடத்தில் இருந்த ஒரே குழாய்க்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"அம்மா, அந்தப் பச்சைக் கிளிப்பைப் பொடிசு எடுத்துக்கிட்டாளா?"

"இல்லடி. உன் பைக்குள்ளதான் இருக்கு."

"பொய் சொல்ற. அவ எடுத்திருப்பா."

"எடுத்தா கையை ஒடிச்சுடறேன். நீ தூங்கு."

"ஒடிக்காதே. திருப்பி மட்டும் வாங்கி வை."

மூன்றாம் நாள் காலை, வார்டில் தரை துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், முயல் இறந்துபோனாள். துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்தக் கட்டிலின் கீழ் மட்டும் துடைக்காமல் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

ஒன்பது நாள் கழித்துச் சோப்பு வேலைக்கு வந்தாள். யாரும் அவளை அந்தப் பெயரில் கூப்பிடவில்லை. வேறு எந்தப் பெயரில் கூப்பிடுவது என்றும் தெரியாததால் யாரும் கூப்பிடவே இல்லை. இரண்டாவது லாரியைக் கொட்டியபோது அவள் தொட்டிக்குள் இறங்கவில்லை. அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பழுப்புத் தண்ணீர் சுழன்று சுழன்று வடிந்தது. சத்தம் கேட்டுத் தொட்டிக்காரர் ஓடி வந்தார். கத்த வந்தவர் அவளைப் பார்த்ததும் குரலை இறக்கினார்.

"என்னம்மா இது. மறுபடி ரொம்பறதுக்கு ரெண்டு மணி நேரமாவும். ஓடையில அவ்வளவு தண்ணி ஏது?"

"லாரிக்கு லாரி மாத்தணும்ணே."

"இந்த ஓடையில இருக்கிற எல்லாத் தொட்டியும் இப்படித்தாம்மா. வாங்கறவங்க வீட்ல கழுவிக்குவாங்க."

"நான் கழுவலையேண்ணே. எம்புள்ளைக்கு நான் கழுவலையே."

அவர் மோட்டாரைப் போடச் சொன்னார். அன்றைக்கு மட்டும். மறுநாள் பழையபடி ஒரே தண்ணீர்தான். சாயங்காலம் மற்ற பெண்களின் பிள்ளைகள் வந்தபோது உடைந்த கேரட் கூடை இருந்த இடத்தில் இல்லை. பெரியக்காதான் அதைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டியிருந்தாள்.

வீட்டில் பொடிசு இருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை அவள் இரண்டு தடவை துப்பிவிட்டாள். மூன்றாவது தடவை அப்பா வாயைத் திறக்கப் பார்த்தபோது விரலைக் கடித்துவிட்டாள். மாத்திரை ஈரமாகி, உடைந்து, தரையில் போயிற்று. கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். ஒரு தடவை சோப்பு அடித்தும்விட்டாள். வாய் திறக்கவில்லை. அவள் வயிற்றில் கை வைத்துத் தூங்குவதைச் சோப்பு பார்க்கிறபோதெல்லாம் அந்தக் கையை எடுத்துவிட்டுத் தன் கையை வைத்துப் பார்ப்பாள். இறுக்கமாக இருக்கிறதா, மிருதுவாக இருக்கிறதா. சில நேரம் அப்படித் தெரியும், சில நேரம் இப்படி.

நர்ஸ் வருகிற நாளன்று பொடிசின் கையைப் பிடித்துக்கொண்டு சோப்பே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வகுப்பறையில் சுவரோரமாக ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். சோப்பைப் பார்த்ததும் டீச்சர் எழுந்து நின்றாள். நர்ஸ் பட்டியலைப் பார்த்துப் பேர் பேராகக் கூப்பிட்டாள். ஒரு பேரைப் படிக்க வாயெடுத்தவள், டீச்சர் கையை நீட்டி அந்த வரியை மறைத்ததும், அடுத்த பேருக்குப் போனாள். அது பொடிசின் பேர்.

பொடிசு முன்னால் போனாள். உதடுகளை உள்ளே இழுத்து மூடிக்கொண்டாள்.

"மென்னு முழுங்கணும் கண்ணு. ஒண்ணும் பண்ணாது" என்றாள் நர்ஸ்.

பொடிசு தலையை ஆட்டினாள்.

"அம்மா சொன்னாக் கேப்பாள்ல" என்றாள் டீச்சர்.

பொடிசு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பேசுவதற்காக மட்டும் வாயைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"நீதானேம்மா சொன்ன. புழு வர வைக்கிற மாத்திரைன்னு நீதானே சொன்ன."

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த பெரிய வகுப்புப் பிள்ளைகளும் கேட்டார்கள். டீச்சர் ஏதோ சொல்ல வந்தாள். சோப்பு கையைக் காட்டி வேண்டாம் என்றாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள். "எனக்குத் தெரியலை. தெரியாம சொல்லிட்டேன். உங்கக்காகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

பிறகு நர்ஸிடம் திரும்பினாள். "மிச்சம் ஒண்ணு இருக்கும்ல. அதை எனக்குக் குடுங்க."

நர்ஸ் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் பட்டியலின் மேலிருந்து கையை எடுக்காமல் தலையசைத்தாள். கழுவிக் கழுவி வெளுத்துச் சுருங்கிய சோப்பின் உள்ளங்கையில் நர்ஸ் மாத்திரையை வைத்தாள். சோப்பு பொடிசின் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்தாள். மாத்திரையை வாயில் போட்டு, அவள் பார்க்க, மெதுவாக மென்றாள். மென்றுகொண்டிருந்தவள் ஒரு கணம் நிறுத்தினாள்.

"இனிக்குது" என்றாள். அதற்கு மேல் அவளால் மெல்ல முடியவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது வாய்க்குள் போனது. அதையும் சேர்த்து விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள்.

பொடிசு அந்த நாக்கை ரொம்ப நேரம் பார்த்தாள். அடியிலும் தூக்கிக் காட்டச் சொன்னாள். சோப்பு தூக்கிக் காட்டினாள். அதற்குப் பிறகு பொடிசு நர்ஸ் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தாள்.

நர்ஸ் சோப்பிடம் சொன்னாள்: "ரெண்டு மூணு நாள்ல வெளிய வரலாம். உங்களுக்கும் வரலாம். பாத்துப் பயந்துடாதீங்க. யார் என்ன சொன்னாலும் அசிங்கப்படாதீங்க."

சோப்பு பொடிசின் வாயோரத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைப் புறங்கையால் துடைத்துவிட்டாள்.

"வரட்டும்" என்றாள்.